மழைக்கு உப்பிய சட்டம்

நான்கு நாள் மழையில் பிளைவுட் உப்பிவிட்டது. வீட்டிலேயே நான் செய்த, கணினி சொல்படி மரம் வெட்டும் சிஎன்சி மெஷினில், கட்டரைத் தாங்கி ஓடும் பிளைவுட் சட்டம் பாதி வழியில் இறுகி நின்றது. உப்புத்தாளால் தேய்த்தேன். ஈர மரத்தின் வாடை மூக்கில் ஏறியது.

மாரண்டஹள்ளியில் எங்கள் வாசற்கதவுக்கும் இதே வாடைதான். தச்சரான அப்பாவே செய்த கதவு. ஐப்பசி மழையில் நிலையோடு இறுகிக்கொள்ளும்.

"கொஞ்சம் இழைச்சு வுடுங்க," என்பார் அம்மா.

"மழை போனா தானா சரியாவும். இப்ப இழைச்சா கோடையில சந்து வுழும்."

ஒருநாள் அப்பா வேலைக்குப் போனதும் அம்மாவே இழைப்புளியை எடுத்தார். வாசலெல்லாம் சுருள் சுருளாக ஈரச் சீவல். சித்திரையில் இரண்டு விரல் அகலத்துக்குச் சந்து. அம்மா பழைய சேலையைச் சுருட்டி அதில் செருகிவைத்தார்.

சந்து விழும் என்று அம்மாவுக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனால் இடுப்பில் குடத்தோடு, நாளுக்குப் பத்துத் தடவை அந்தக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தவர் அவர்தான்.

"மழை வுட்டதும் பாத்துக்கலாமுங்க," என்றாள் என் மனைவி, நான் சட்டத்தைத் தேய்ப்பதைப் பார்த்து.

நாளைக் காலையில் ஒரு வீட்டுக்குப் பெயர்ப்பலகை வெட்டித் தர வேண்டும். கோடையில் இந்தச் சட்டம் லொடலொடக்கும். தெரியும். இன்னொரு உப்புத்தாளை எடுத்தேன்.