துடைத்த குங்குமம்

இந்த ஊரில் காலையில் எல்லார் கழுத்திலும் ஓர் அட்டை தொங்குகிறது. பால் வாங்க வருகிறவர், நின்றபடியே இட்லி சாப்பிடுகிறவர், கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும் பெண்கள், எல்லோருக்கும் நாடா போட்ட அட்டை. திருப்பத்தூரில் அட்டை மாட்டியவர்கள் தெருவுக்குள் வந்தால், கணக்கெடுக்க வந்தவர்கள் என்று நினைத்து ரேஷன் கார்டை எடுத்து வைப்பேன். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. என் மகன் பாஸ்கருக்கு அப்படியில்லை. முப்பத்திரண்டு வயதுவரை கழுத்தில் ஒரு கயிறுகூடத் தாங்காதவன், சட்டைக் காலர் உரசினாலே கழற்றி எறிகிறவன், பால்கனியில் நின்று, "பாஸ்கருக்கு அட்டை, பாஸ்கருக்கு அட்டை" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

பாஸ்கருக்கு ஆட்டிசம். அந்தப் பெயரே இங்கே வந்துதான் எங்களுக்குத் தெரியும். ஊரில் 'ஒரு மாதிரிப் பையன்' என்பார்கள், அவ்வளவுதான். நான் அஞ்சாவதோடு நின்றவள், யாரிடம் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. அவன் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். அவர் போன பிறகு, இங்கே வேலை பார்க்கும் மகள் ரேவதி எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டாள். இவனைப் போன்றவர்களுக்கு வேலை தேடித் தரும் ஓர் அமைப்பையும் அவள்தான் விசாரித்துக் கண்டுபிடித்தாள். அங்கிருந்து திவ்யா என்ற பெண் வந்து பழக்கினாள். ஆஸ்பத்திரிகளின் பழைய காகிதங்களை மிஷினில் வைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஒரு சின்னக் கம்பெனியில் இடம் கிடைத்தது. ஆறு மாதம் பார்ப்போம், சரியாக வந்தால் நிரந்தரம், இவனைப் போல் இன்னும் நாலு பேரை எடுப்போம் என்றார்கள்.

திவ்யா அவன் மேசையில் ஐந்து படங்கள் ஒட்டினாள். முதல் படத்தில் ஒரு கை துணியால் மிஷினைத் துடைக்கும். அதை வீட்டில் தையல் மிஷினை வைத்து நான்தான் பழக்கினேன். "உக்காருறதுக்கு முன்னாடி என்னடா பண்ணணும்?" "தொடைக்கணும்." ஒரு நாளைக்கு இருபது முறை கேட்டிருப்பேன். நாலு மாதம் நன்றாகப் போயிற்று. சூப்பர்வைசர் மஞ்சுநாத் ஒரு நாள் என்னிடம், "அம்மா, இவர் வெச்ச பேப்பர் ஒண்ணுகூட கோணல் இல்ல. நம்ம பசங்க போன் பாத்துட்டே பாதிப் பக்கத்த விட்டுடறாங்க" என்றார். அன்று அதைச் சொல்ல எனக்கு அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. ரேவதி வரும்வரை அந்தப் பேச்சையே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. இங்கே கம்பெனிகளில் லீவுக்கு முந்தின நாளே பூஜை போட்டுவிடுகிறார்கள். பூசணிக்காய் உடைக்கும் சத்தம் ஆகாது என்று பாஸ்கரை மதியமே அனுப்பிவிட்டார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். அதன் பிறகு முதலாளியின் தாயார் தன் கையாலேயே ஒன்பது மிஷினுக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டு, சாமந்திப்பூ வைத்திருக்கிறார். தானாக உதிரும்வரை யாரும் தொடமாட்டார்களாம். லீவு முடிந்து வழக்கம்போல முதல் ஆளாகப் போன பாஸ்கர், தன் மிஷினைத் துடைத்தான். மற்றவையும் அழுக்காக இருந்ததால் ஒன்பதையும் துடைத்துப் பூவையெல்லாம் குப்பைத் தொட்டியில் போட்டான்.

முதல் நாள் எல்லோரும் சிரித்தார்களாம். "மிஷினுக்கெல்லாம் பாஸ்கர் தீபாவளிக் குளியல் போட்டுட்டாருப்பா" என்று ஒரு பையன் கேலி செய்தானாம். அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரி வேலை ஒன்று கைவிட்டுப் போனது. குங்குமத்தை அழித்ததால்தான் என்று பேச்சு வந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். ரேவதிக்கு லீவு இல்லை, திவ்யா வெளியூரில். நான் தனியாக ஆட்டோவில் போனேன். முதலாளியின் தாயார், "பர்றி அம்மா, கூத்கொள்ளி" என்று உட்காரச் சொல்லி, காபி வரவழைத்தார். என் வயதுதான் இருக்கும். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னதை மஞ்சுநாத் தமிழில் சொன்னார்.

"தப்பா திங்க் பண்ணாதீங்க. அம்மாவுக்குக் கோவம் இல்ல, மனசுதான் சரியில்ல. கொஞ்ச நாள் பாஸ்கர் வீட்ல இருக்கட்டும்ங்கறாங்க. ஓகேதானே?"

நான் தலையாட்டினேன். பெரியவர்கள் பேசும்போது தலையாட்டுவது சிறுவயதிலிருந்தே என் பழக்கம். கேட்டுக்கொண்டேன் என்றுதான் அதற்கு அர்த்தம். அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த முதல் படம் என் கைக்கெட்டும் தூரத்தில் பாஸ்கர் மேசையில் ஒட்டியிருந்தது. படத்தில் இருப்பதைத்தானே செய்தான் என்று கேட்டிருக்கலாம். காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆட்டோவில் திரும்பும்போது பட்டறை ஞாபகம் வந்தது. ஆயுத பூஜைக்கு அங்கே ஆட்கள் கூடுவார்கள். பாஸ்கர் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான், நாலு பேர் பார்ப்பார்கள். அதனால் வருஷா வருஷம் அன்றைக்கு அவனைப் பின்னறையில் வைத்து ரேடியோவைப் போட்டுவிடுவோம். பொட்டு வைத்த சாமானைத் தொடக்கூடாது என்று இரண்டு வயதுக் குழந்தைக்கும் தெரியும். என் மகனுக்குத் தெரியாது. நாங்கள்தான் காட்டவில்லை.

"அந்தப் படத்தயாவது கைகாட்டியிருக்கலாம்லம்மா?" என்றாள் ரேவதி.

"வாய் வரலடி."

அவள் கம்பெனிக்குப் போன் செய்தாள். முதலாளி மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். திவ்யா, "ஆன்ட்டி, நீங்களே சரின்னுட்டீங்கன்னு சொல்றாங்க. நாங்க பேசறோம்" என்றாள். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஜோகுபாளையத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். அடுத்து எடுப்பதாகச் சொன்ன நாலு பேரில் அவர் மகளும் ஒருத்தி. "அக்கா, எங்க பொண்ண எப்ப கூப்புடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியவில்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

கொஞ்ச நாள் என்றால் பாஸ்கருக்குப் புரிவதில்லை. "எத்தன நாளு?" என்கிறான். எட்டரை மணிக்கு ஷூ போட்டுக்கொள்கிறான். கதவைத் திறக்காவிட்டால் தலையில் அடித்துக்கொள்கிறான். அதனால் நானும் கிளம்பிவிடுகிறேன். பஸ் ஏறி எல்லையில் இருக்கும் அத்திபெலே வரை போகிறோம். அதற்கப்பால் ஒசூர், நம் தமிழ்நாடு. இறங்கிச் சாலை ஓரத்தில் நிற்போம். "ஒசூரு, கிருஷ்ணகிரி, ஏறுங்கம்மா" என்று கண்டக்டர் தமிழில் கூப்பிடும்போது என் கால் தானாக ஓரடி முன்னால் போகிறது. பாஸ்கர் கையைப் பிடித்து இழுக்கிறான். அவன் பார்வை எதிர்ப்பக்கம், சிட்டிக்குள் போகிற வண்டிகள்மேல். "பாஸ்கருக்கு லேட்டாச்சு" என்கிறான். விரல்களை இறுக்கிப் பிடித்தபடி, ஆளுக்கொரு திசையைப் பார்த்து நிற்கிறோம்.