அகதி அட்டையின் கொப்பி

பாரிசின் ரூ லூயி-பிளாங் தெருவில் போன் கடை வைத்திருக்கும் யோன் எந்தச் சட்டத்தையும் லேசில் நம்பமாட்டார். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்துப் பதினோரு வருடமாகியும், பழைய அகதி அட்டையின் போட்டோக் கொப்பி அவர் பொக்கற்றிலேயே கிடந்தது.

"சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமன் அப்பா, அதை எறியுங்கோ," என்றாள் அமெரிக்கச் சட்ட வரலாறு படிக்கும் மகள் துஷ்யந்தி.

"அமெரிக்காவில அப்பிடி எப்ப எழுதினவங்கள்?"

"1868இல. ஆனா கறுப்பினத்தவருக்கு வேற ரயில்பெட்டி குடுத்தாலும் சமன்தான் எண்டு 1896இல உச்ச நீதிமன்றமே சொன்னது. 1954இல, பள்ளிக்கூட வழக்கிலதான், பிரிச்சு வைக்கிறது பிழையெண்டு அதே நீதிமன்றம் சொன்னது."

"இடையில சட்டத்தை மாத்தினவங்களோ?"

"இல்லை. அதே வரிதான்."

யோன் பொக்கற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பாரிசிலேயே பிறந்த துஷ்யந்தி தன் பிரெஞ்சு அடையாள அட்டையை எடுத்துக் கடைக் கொப்பி மெசினில் வைத்தாள்.

"ரெண்டு கொப்பி அடியுங்கோ, அப்பா."