மூடுபனியில் இரண்டு கொடிகள்

பயிருக்கு மேலே பறந்து பூச்சிமருந்து அடிக்கிற குட்டி விமானம் எங்கள் ஊருக்கு வந்த மார்கழியில், என் வீட்டுக்காரருக்குக் கொடி பிடிக்கிற வேலை கிடைத்தது. வயல் கோடியில் சிவப்புத் துணியைத் தூக்கிப் பிடித்தால், விமானம் அதைக் குறிவைத்துத் தாழப் பறந்து மருந்தைக் கொட்டிக்கொண்டே வரும். கொடியை இறக்கினால் வரக்கூடாது என்று அர்த்தம். பனியில் பறந்து எங்கோ ஒரு விமானம் நொறுங்கியது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நானும் கூடவே போய் வரப்பில் நின்றேன்.

அடுத்த வயலில், தென்னந்தோப்பை ஒட்டி, இன்னொரு சிவப்புக் கொடி நின்றது. அந்த வயலின் குத்தகைக்காரரைப் பண்ணையார் வெளியேற்றியதை எதிர்த்து எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கம் நட்டது. அதில் கை வைக்கிறவன் தெருவுக்கு ஆகாதவன் என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியவன் என் அண்ணன். ராப்பகலாக அவன்தான் காவல்.

விமானம் ஒரு சுற்றுப் போனதும் பனி மளமளவென்று இறங்கித் தோப்பே மறைந்துபோனது. என் வீட்டுக்காரர் கொடியை இறக்கிச் சுருட்டினார். ஆனாலும் சத்தம் தலைக்கு மேலேயே சுற்றியது. அவருக்குச் சட்டென்று உறைத்திருக்க வேண்டும், அடுத்த வயலுக்கு விழுந்தடித்து ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"மச்சான், கொடியப் பிடுங்குங்க! என் கொடின்னு நெனச்சு விமானம் ஓட்டுறவரு எறங்குறாரு! பின்னாடி தோப்பு!"

அண்ணன் அவர் கையை இறுக்கிப் பிடித்தான். "அவ்வளவு படிச்ச ஆளுக்கு எது சங்கக் கொடின்னு தெரியாதா? பண்ணையில சொல்லிவிட்டாங்களா மாப்ள?"

"விட்ருண்ணே!" என்று கத்தினேன். விடவில்லை. எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

பனியைக் கிழித்துக்கொண்டு விமானத்தின் மூக்கு நேராகக் கொடியை நோக்கி வந்தது. அப்போதுதான் அண்ணன் கையை விட்டான். அவனே மூங்கிலைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தான். விமானம் எழும்பத்தான் பார்த்தது. மட்டைகள் முறிகிற சத்தம் கேட்டது. தோப்புக்குள் விழுந்துவிட்டது.

ஓட்டி வந்த பிள்ளைக்கு என் வயதுகூட இருக்காது. அண்ணன்தான் தலையை மடியில் வைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

சாயங்காலம் அண்ணன் எங்கள் வாசலுக்கு வந்தான். கொடியைப் பிடுங்கியது மாப்பிள்ளை இல்லை, நான்தான் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன் என்றான். என் வீட்டுக்காரர் கையில் அண்ணனின் விரல்கள் பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது. அதையே பார்த்தபடி நின்றான். கூடப்பிறந்தவனை உள்ளே வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.