என் வட்டாரத்து வேலிகள்

உலகத்தில் வேலி போடுகிறவர்கள் உண்டு, வேலி தாண்டுகிறவர்கள் உண்டு. நான் வேலி போடச் சொல்லி எழுதிக் கொடுத்தே சம்பளம் வாங்கியவன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். கடைக்கோ பட்டறைக்கோ வருகிற வெளியாள் விழுந்து அடிபட்டால், முதலாளிக்குப் பதில் எங்கள் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கும். பாலிசி போடுவதற்கு முன் நான் போய், பள்ளம், கிணறு, நெருப்பு எங்கே இருக்கிறதென்று பார்த்து, அதைச் சுற்றி வேலி போடச் சொல்ல வேண்டும். நல்லதைச் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர் நீங்களும்தான் என்றால், மேலே படியுங்கள்.

அந்த வருஷம் மானேஜர் ஒரு விதி வைத்தார். ஒரு வட்டாரத்தில் வருஷத்துக்கு மூன்று விபத்து வரை பொறுப்பார். நாலாவது வந்தால் இன்ஸ்பெக்டருக்கு நாக்பூர் மாற்றல். என் மனைவிக்கு அப்போதுதான் கோபாலபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர் வேலை நிரந்தரமாகியிருந்தது. மாற்றல் வந்தால் நான் மட்டும் போகலாம் என்று ரொம்ப அமைதியாகச் சொல்லிவிட்டாள். அந்த அமைதிதான் எனக்குப் பயம்.

மாம்பழக் கலர்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடையைப் பெரிதாக்குவதற்காகப் பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டியிருந்தார். ஆளை விழுங்கும் பள்ளம். கம்பி வேலி போடச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் மூன்றே நாளில் போட்டுவிட்டார்.

ஆடித் தள்ளுபடி சமயத்தில் அந்தப் பக்கம் போனால், வேலி முழுக்கப் புடவை தொங்குகிறது. சும்மா நிற்கிற கம்பி ஏன் வீணாக வேண்டும் என்று நினைத்தாராம். யாரும் நெருங்கக்கூடாதென்று போட்ட வேலியை மொய்த்துக்கொண்டு அத்தனை பெண்கள். இரண்டாம் நாள் ஒரு கம்பம் சாய்ந்தது. மேற்கு மாம்பலத்து அம்மாள் ஒருவர் புடவையோடு உள்ளே போய்விட்டார். நல்லவேளை, கீழே மணல் குவியல். கணுக்கால் பிசகியதோடு சரி. வாக்குமூலம் வாங்க வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் வைத்தபடி எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கிளம்பும்போதுதான் அவருடைய கேள்வி வந்தது:

“கால் கிடக்கட்டும் சார். அந்த மாம்பழக் கலர்ல இன்னொண்ணு இருக்கான்னு கடையில கேட்டுச் சொல்றீங்களா?”

ஒன்பது அஞ்சு வண்டி

சைதாப்பேட்டையில் ஒரு மரக்கடை. அடுக்கி வைத்த மரங்கள் உருண்டால் ஆள் காலி. ஸ்டேஷனுக்குக் குறுக்குவழி அதன் நடுவில்தான். திங்கட்கிழமை வேலி போட்டார்கள், செவ்வாய்க்கிழமை காலை அதில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அடைத்தார்கள். மறுபடியும் ஓட்டை. கெட்டிக் கம்பியாகப் போட்டதும் ஜனங்கள் மேலே கோணிச்சாக்கைப் போட்டு ஏற ஆரம்பித்தார்கள். ஒருநாள் சாக்கு நழுவி ஒருவருக்கு முழங்காலில் ஆறு தையல். சுற்றி வந்தால் ஐந்து நிமிஷம்தானே என்று அவரிடம் கேட்டேன்.

“இன்னா சார், நீ பாட்டுக்கு வேலியப் போட்டுகினு பூட்ட. ஒம்பது அஞ்சு வண்டி எனக்கோசரம் நிக்குமா?”

அபசகுனம்

மயிலாப்பூர் கல்யாண மண்டபத்துக் கொல்லையில் கோட்டை அடுப்பு. கல்யாணத்துக்கு வருகிற குழந்தைகள் அதைச் சுற்றித்தான் ஓடும். வேலி அவசியம் என்று எழுதினேன். மண்டபத்தைக் கவனித்துக்கொண்ட மாமா, முள்கம்பி என்றதுமே காதைப் பொத்திக்கொண்டார். அவராகவே ஓர் ஏற்பாடு செய்தார். அடுத்த முகூர்த்தத்தன்று போய்ப் பார்த்தால், எரிகிற அடுப்பைச் சுற்றிக் காய்ந்த தென்னங்கீற்றுத் தட்டி, மாவிலைத் தோரணத்தோடு.

நான் வாயைத் திறப்பதற்குள் பற்றிக்கொண்டது. தண்ணீர் ஊற்ற ஓடி வந்த சம்பந்திக்குக் கையில் கொப்புளம். மூன்றாவது விபத்து. எனக்கு வந்த கோபத்தில் மாமாவைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. அவர் நிதானமாகச் சொன்னார்:

“ஓலை பத்திக்கும்னு நேக்குத் தெரியாதா? முள்ளு வச்சா அபசகுனம்பா. நெருப்பு கல்யாணத்துல இருக்கறதுதானே, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டா.”

மரியாதை

இனிமேல் வேலிகளைத் தானே வந்து பார்ப்பதாக மானேஜர் சொல்லிவிட்டார். எங்கே கூட்டிப்போவது என்று இரண்டு நாள் யோசித்து, அடையாறு மொசைக் கல் பட்டறையைத் தேர்ந்தெடுத்தேன். கல்லை ஊறவைக்கத் தரையோடு தரையாக இடுப்பளவுத் தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றி நான் சொன்னபடியே, சொன்ன உயரத்தில் வேலி போட்டிருந்த ஒரே மனிதர் அந்தப் பட்டறை பாய்தான். மானேஜர் வருவதை முதல்நாளே அவரிடம் சொல்லி வைத்தேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

காரை விட்டு இறங்கினால் வேலியைக் காணோம். கம்பங்கள் இருந்த இடத்தில் குழிகள். தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, சோடா, பாய் கையில் ரோஜாமாலை. தண்ணீர்மேல் சிமென்ட் தூசி படிந்து தொட்டியும் தரையும் ஒன்றாகத் தெரிந்தன. நான் கத்துவதற்குள் மானேஜர் மாலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தார். அடுத்த நிமிஷம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்.

எனக்கு நாக்பூர் கண்முன் வந்துவிட்டது. பாய் பதறிப்போய் விளக்கினார், பெரிய மனிதர் வரும்போது குறுக்கே முள்கம்பி இருந்தால் மரியாதையாக இருக்காதே என்று. மானேஜர் நேராகப் போய்க் காரில் ஏறினார். காரில் ஆபீஸ் வரைக்கும் அவர் பாண்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. படியேறும்போது நாலாவது விபத்தை எந்தத் தேதியில் எழுதுவது என்று மெதுவாகக் கேட்டேன். திரும்பிப் பார்த்தார்.

“யார் விழுந்தது? தொட்டி எவ்வளவு ஆழம்னு பார்க்க நான் இறங்கினேன். ரிப்போர்ட்ல அப்படியே எழுதுங்க.”

ஆகவே அந்த வருஷம் என் வட்டாரத்தில் நடந்தவை மூன்றே விபத்துகள், ஆழம் பார்த்த மானேஜரின் கையெழுத்தோடு.