மாதிரி வீட்டுக்காரர்

அடுக்குமாடி வீடுகள் கட்டி விற்கும் ஒரு கம்பெனியில், மாதிரி வீட்டைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. வாங்க வருகிறவர்கள் சுற்றிப் பார்ப்பதற்காகவே அலங்கரித்து வைத்த வீடு அது. அதில் யாரும் குடியிருப்பதில்லை. அதனால்தான் அது அவ்வளவு அழகாக இருந்தது.

காலையில் வந்ததும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, சோபா திண்டுகளைத் தட்டி நிமிர்த்துவார். மெழுகு ஆப்பிள்களைத் துணியால் துடைத்து அடுக்கி, ஒன்றை மட்டும் தட்டுக்கு வெளியே உருண்டுவிட்டதுபோல வைப்பார். அந்த ஓர் ஆப்பிளில்தான் வீட்டுக்கு உயிர் வருகிறது என்பது அவர் கட்சி. அலமாரியில் தடித்தடியான புத்தகங்கள் இருந்தன. எல்லாம் முதுகு மட்டும்தான், உள்ளே காலிப் பெட்டி. குழாய்கள் தகதகவென்று மின்னின. தண்ணீர் இணைப்பு கிடையாது. பிள்ளைகள் அறையில் ஒரு பஞ்சுக் கரடி உட்கார்ந்திருந்தது. எந்தப் பிள்ளையும் அதைக் கட்டிப்பிடித்ததில்லை. பார்க்க வரும் பெற்றோர் குழந்தையோடு வந்தால், அவர் குனிந்து, பாகாய் உருகும் குரலில், "கண்ணு, கையப் பின்னால கட்டிக்கிட்டுப் பாக்கணும், சரியா?" என்பார்.

ஆபீசில் எல்லோரும் அவரை 'மாதிரி' என்றே கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

வாங்க வருகிற பெண்கள் சிலர், "இந்த வெள்ளைச் சுவரு, இந்த வெள்ளை சோபா... குழந்தைங்க இருக்கற வீட்ல தாங்குமா?" என்று கேட்பார்கள். அப்போது மாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

"எனக்கு மூணு குழந்தைங்க மேடம். எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. சுவத்துல ஒரு கீறல் இருந்தா என்னைக் கேளுங்க. எல்லாம் நாம வளக்கறதுலதான் இருக்கு."

முதல் தடவை இதைச் சொன்னபோது அவருக்கே நாக்கு கொஞ்சம் குழறியது. பிறகு பழகிவிட்டது. போகப்போக, பொம்மைகளைப் பிள்ளைகள் எங்கே எடுக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று தன் வீட்டில் ஒரு ஒழுங்கு இருப்பதாகக்கூட வர்ணிக்க ஆரம்பித்தார். இரண்டு மூன்று தாய்மார்கள் ஆலோசனை கேட்டு அவர் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இனி அவர் வீட்டுக்கு வருவோம்.

கூடத்துச் சுவரைப் பார்த்தாலே பிள்ளைகளின் உயரம் தெரிந்துவிடும். அடியில் கடைக்குட்டியின் கோணல் கோடுகள். அதற்கு மேலே நடுவனின் லாரிகள், மோதிக்கொண்டவையும் மோதப்போகிறவையும். அதற்கும் மேலே மூத்தவள் எழுதிப் பழகிய எழுத்துகள். நடுவன் குளியலறைக் கதவின் கைப்பிடியில் தொங்கி ஆடுவான் என்பதால் கதவே கீழே இறங்கிப்போயிருந்தது. திறக்க வேண்டுமானால் கைப்பிடியைத் தூக்கி, முழங்காலால் ஓர் இடி கொடுக்க வேண்டும். விருந்தாளிகளுக்கு இந்த வித்தை தெரியாததால், உள்ளே போனவர்களைக் கொஞ்ச நேரம் கழித்து யாராவது போய் மீட்டுக்கொண்டு வருவார்கள். திரைச்சீலையை இழுத்துக் கூடாரம் போட்டதில் கம்பி வில்லாய் வளைந்திருந்தது. சோபா வாங்கியபோது என்ன நிறமாக இருந்தது என்பதில் இப்போது கணவன் மனைவிக்குள் ஒத்த கருத்து இல்லை.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வாத்தியார். நாள் முழுக்க அடுத்தவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் என்பதால், வீட்டில் என்ன உடைந்தாலும் அவருக்குப் பதற்றம் வராது.

ஒருநாள் மேனேஜர் மாதிரியைக் கூப்பிட்டனுப்பினார். கம்பெனிக்குப் புது விளம்பரப் புத்தகம் அச்சாகப் போகிறது. பழைய புத்தகத்தில் சிரித்த குடும்பம் வேறொரு கம்பெனியின் பிஸ்கட் விளம்பரத்திலும் சிரித்துக்கொண்டிருப்பதை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

"இந்தத் தடவ எல்லாமே நிஜம்" என்றார் மேனேஜர். "நிஜக் குடும்பம், நிஜ வீடு, நிஜச் சிரிப்பு. உங்க வீட்லயே எடுத்துரலாம். அடுத்த ஞாயித்துக்கெழம போட்டோகிராஃபர் வருவாரு."

"எங்க வீடு... சின்னது சார்."

"சின்ன வீட்டப் பெருசாக் காட்டறதுதானே நம்ம தொழிலே?"

மாதிரி நேராக வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"நம்ம வீட்டப் போட்டோ எடுக்க வர்றாங்க."

"எந்த வீட்ட?" என்றார் மனைவி.

"இந்த வீட்டத்தான்."

மனைவி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். கடைக்குட்டி அப்போது செருப்பு வைக்கும் பெட்டிக்குள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

மாதிரி சொன்னார். எல்லாவற்றையும், ஆலோசனை கேட்ட தாய்மார்கள் உட்பட. மனைவி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பாடம் நடத்தும் குரலில், "சரி. இப்ப பதறாம, மெதுவா, ரிவர்ஸ் எடுங்க. மேனேஜருக்கு போன் போட்டு உண்மையச் சொல்லிருங்க" என்றார்.

"ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன். நானே சரி பண்ணிடறேன்."

"நீங்களா?"

"வீட்டப் பராமரிக்கறதுதான் என் வேலையே."

"யாரும் இல்லாத வீட்ட" என்று சொல்லிவிட்டு மனைவி வகுப்பு எடுக்கக் கிளம்பிவிட்டார்.

வேலை சுவரில் தொடங்கியது. சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தேய்த்ததில் கிரேயான் கோடுகள் அழியாமல், சுவர் முழுக்க இளஞ்சிவப்பாய்ப் பரவின. பற்பசை போட்டுத் தேய்த்தால் போகும் என்று யாரோ சொன்னார்கள். போட்டுத் தேய்த்தார். போயிற்று. கூடவே சுண்ணமும் போயிற்று. அப்பா சுவரில் பற்பசை பூசுவதைப் பார்த்த நடுவன், தானும் உதவ வேண்டும் என்று மிச்சப் பற்பசையை எடுத்துப்போய் டிவியைத் தேய்த்தான். மூத்தவள் மட்டும், "என் 'அ' நல்லா வந்திருந்துச்சுப்பா, அத மட்டும் விட்டுருங்க" என்று கெஞ்சினாள்.

சோபா திண்டுகளைத் தூக்கியபோது அடியில் ஒரு சந்தையே இருந்தது. பென்சில் துண்டுகள், ஒற்றைச் சாக்ஸ்கள், உரித்து வைத்து மறந்துபோன ஆரஞ்சுச் சுளை, பழைய டிவி ரிமோட். அந்த ரிமோட்டைக் காணோம் என்று புது ரிமோட் வாங்கி, அதுவும் காணாமல் போயிருந்தது. துணி உறையைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டார். காய்ந்ததும் அது ஒரு சுற்றுச் சுருங்கியிருந்தது. சோபாவுக்கு அதை மாட்டியதும், தம்பி சட்டையைப் போட்டுக்கொண்ட அண்ணன்போல அது மூச்சுப்பிடித்து உட்கார்ந்திருந்தது.

குளியலறைக் கதவை மனைவிதான் சரி செய்தார். மாலையில் வந்தவர், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவுக்கடியில் மரக்கட்டை கொடுத்து நிமிர்த்தி, கீலின் பழைய ஆணித் துளைகளில் மரக்குச்சியை அடைத்து, புது ஸ்க்ரூ முடுக்கினார். கதவு ஒரு விரலில் திறந்தது. குடும்பமே வரிசையில் நின்று திறந்து திறந்து மூடிப் பார்த்தது. அந்த ஆனந்தத்தில் கடைக்குட்டி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கதவு இறங்கியிருந்த காலத்தில் அந்தத் தாழ்ப்பாள் எட்டியதே இல்லை.

"அழாதடா, அத அப்படியே இந்தப் பக்கம் தள்ளு" என்று மாதிரி கெஞ்சினார்.

உள்ளேயிருந்து அழுகைச் சத்தமே வரவில்லை. தண்ணீர் கொட்டும் சத்தம்தான் வந்தது. கடைசியில் மனைவி தான் மாட்டிய கீலைத் தானே கழற்றி, கதவை மொத்தமாகத் தூக்கி வைத்தார்.

வார முடிவுக்குள் ஒருவழியாகக் கூடம் மட்டும் தேறியது. உரிந்த இடங்களில் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்தார். புது வெள்ளை பழைய வெள்ளையோடு ஒட்டாமல் திட்டுத்திட்டாய் நின்றதால் நான்கு சுவருக்கும் அடிக்க வேண்டியதாயிற்று. நெற்றியிலும் புருவத்திலும் வெள்ளையோடு அவர் தூரத்தில் நின்று பார்த்தபோது, கூடம் உண்மையிலேயே படம்போல இருந்தது. கம்பெனியிலிருந்து கடன் வாங்கி வந்த மெழுகு ஆப்பிள்களை மேசையில் வைத்தார். கடைக்குட்டி ஒன்றை எடுத்து நன்றாகக் கடித்து, மென்று, முகத்தைச் சுளித்துவிட்டு, இன்னொன்று நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையில் அதையும் கடித்தாள்.

அதைக்கூடத் திருப்பி வைத்து மறைத்திருப்பார். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் நடுவன், சாக்ஸ் தானாக நீந்துமா என்று பார்க்க, சோபாவுக்கடியில் கிடைத்த அத்தனை சாக்ஸையும் கழிப்பறைக்குள் போட்டு ஃப்ளஷை அழுத்திவிட்டான். அவை நீந்தவில்லை. தண்ணீர்தான் நீந்திக் கூடம்வரை வந்தது. அது வற்றியபோது புதுச் சுவரின் அடியில் பழுப்பாய் ஒரு கரை ஓடியது.

மாதிரி ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி துடைப்பத்தோடு பக்கத்தில் வந்து நின்று, "இப்பவாவது போன் போடுங்க" என்றார்.

போட்டார். ஆனால் உண்மை வாய்வரை வந்து திரும்பிவிட்டது. "பெயின்ட் வாசனை சார், பசங்களுக்கு ஆகல. நம்ம மாதிரி வீட்லயே எடுத்துரலாமா?"

"அருமை!" என்றார் மேனேஜர். "அதுவும் நிஜ வீடுதானே."

ஞாயிற்றுக்கிழமை குடும்பம் மாதிரி வீட்டுக்குள் நுழைந்தது. போட்டோகிராஃபர் விளக்குகளை நிறுத்திக்கொண்டிருந்தார். மேனேஜர் புதுச் சட்டையில் இருந்தார். மூத்தவள் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, "அப்பா, இதுக்குள்ள கதையே இல்லப்பா" என்று கத்தினாள். அடுத்ததை உருவினாள். அதற்கடுத்ததையும். கடைக்குட்டி பையிலிருந்து கிரேயானை எடுத்து, இத்தனை சுத்தமான சுவர் தனக்காகவே காத்திருந்ததென்று நினைத்துக்கொண்டு, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துகொண்டே ஒரு கோடு இழுத்தாள். நடுவன் சத்தமில்லாமல் குளியலறைக்குப் போய், வந்த காரியத்தை முடித்துவிட்டு வெளியே வந்து, "தண்ணி வரலப்பா" என்றான்.

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பெட்ரூம்ல எடுத்துரலாம்" என்று போட்டோகிராஃபர் அவசரமாகச் சொன்னார். "எல்லாரும் கட்டில்ல ஏறி உக்காந்து சிரிங்க."

மாதிரிக்கு மட்டும் அந்தக் கட்டிலின் கதை தெரியும். "வேணாம்..." என்று அவர் வாயெடுப்பதற்குள் மூன்று பேரும் ஒரே தாவலாகத் தாவினார்கள். கட்டில் படாரென்று உள்வாங்கியது. மெத்தைக்கு அடியில் பலகையே இல்லை, வெறும் அட்டைப்பெட்டிகள். பிள்ளைகள் அட்டைகளுக்கு நடுவே எழுந்து நின்று, வாழ்க்கையில் இதுவரை சிரிக்காத சிரிப்பாகச் சிரித்தார்கள். போட்டோகிராஃபர் பழக்க தோஷத்தில் ஒரு படம் எடுத்துவிட்டார்.

அப்போதுதான் வாசலில் இருவர் நிற்பதை எல்லோரும் கவனித்தார்கள். வீடு பார்க்க வந்த கணவனும் மனைவியும். அந்தப் பெண் நிறைமாதக் கர்ப்பிணி. உடைந்த கட்டிலையும் அறையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இந்தக் கட்டில் சாதாரணக் கட்டில விடச் சின்னதா இருக்கே?"

"டிசைன் அப்படி மேடம்" என்றார் மேனேஜர்.

அந்தப் பெண் அவரை விட்டுவிட்டு மாதிரியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. நிஜக் கட்டில் போட்டு, பக்கத்துல தொட்டிலும் போட்டா, இந்தக் கதவு தெறக்குமா?"

மாதிரி மேனேஜரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மனைவி அட்டைக்குள்ளிருந்து கடைக்குட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"தெறக்காதுங்க" என்றார் மாதிரி. "பாதிதான் தெறக்கும். தொட்டில கூடத்துலதான் போடணும்."

"சுவரு?"

"தொடச்சா வந்துரும். கறையும் வரும், சுண்ணமும் வரும். எங்க வீட்லயும் அதே கததான். இத்தன நாளா நான் சொன்னதெல்லாம் சும்மா."

அவருக்கு ஒரு வாரமாக முதுகில் இருந்த வலி அந்த நேரம் தெரியவில்லை. வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். வீடு வாங்கவில்லை.

மறுநாள் மேனேஜர் கத்தித் தீர்த்தார். வேலையை விட்டே அனுப்பியிருப்பார். ஆனால் வீடு வாங்கிக் குடியேறியவர்களின் புகார்களைப் போய்ப் பார்த்துச் சரிசெய்யும் வேலைக்கு நெடுநாளாக ஆள் கிடைக்கவில்லை. போகிறவர்கள் எல்லாம் திட்டு வாங்கிவிட்டு ஓடிவிடுகிறார்கள். தண்டனையாக மாதிரியை அங்கே தள்ளினார். விளம்பரப் புத்தகம் வாடகைக் குழந்தைகளோடு அச்சானது. அந்தக் குழந்தைகள் நன்றாகவே சிரித்திருந்தார்கள்.

புது வேலையில் முதலில் போன வீட்டில் கதவைத் திறந்த தாய், ஒரு கையில் குழந்தையோடு, பின்னாலிருந்த அறைக் கதவைக் காலாலேயே சாத்தினார்.

"சமையலறைக் குழாய் மட்டும் பாருங்க சார். அந்த ரூம் வேணாம், ஒரே அலங்கோலமா இருக்கு."

"எங்க வீட்டுப் புதுச் சுவத்துலயே லாரி மோதிக்கிட்டு நிக்குதும்மா" என்றார் அவர். "தொறங்க. எது உடைஞ்சிருக்கோ அதத்தான் பாக்க வந்திருக்கேன்."

அந்த அம்மா கொஞ்சம் தயங்கி, கதவைத் திறந்தார். உள்ளே ஒரு சின்னப் பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தீவிரமாக எதையோ வரைந்துகொண்டிருந்தாள். அவர் பையைத் தரையில் வைத்து, பக்கத்தில் குந்தினார். புகாரில் சொல்லாத ஈரம் ஒன்று சுவரின் மூலையில் படர்ந்திருந்தது. அந்தப் பெண் அதைச் சுற்றிக் கோடு போட்டு, நான்கு கால்களும் ஒரு வாலும் வைத்து, மாடாக்கியிருந்தாள்.

"இது எப்போலேருந்து இருக்கு?" என்று கேட்டார்.

"நேத்துக்கு முன்னால. அப்ப கன்னுக்குட்டி" என்றாள் அவள். "தினமும் வளருது."

அவர் கையால் சுவரைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே ஓடும் குழாய் கசிகிறது. உளியை எடுத்துச் சுவரைக் கொத்துமுன், மாட்டைக் கொஞ்சம் தள்ளி வரைந்துகொள்ளச் சொல்லி அவளிடம் அனுமதி கேட்டார்.