அருந்ததி அக்கா குடிக்காத தேத்தண்ணி

எங்கள் நீர்ப் பரிசோதனை அலுவலகத்தில் அருந்ததி அக்காவுக்கு இருபத்திரண்டு வருடச் சேவை. வட்டுக்கோட்டையில் தனியாக இருக்கிறார். மத்தியானம் பார்சலைப் பிரித்து, சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார். தனியாகச் சாப்பிடுவதுதான் அவருக்குப் பிடிக்கும் என்று நாங்களே முடிவு செய்திருந்தோம்.

போன மாசியில் அவரைப் புத்தூர்ப் பக்கம் ஒரு ஒழுங்கைக்கு அனுப்பினார்கள். அந்தக் குறுக்குத் தெருவில் ஆறு வீட்டுக்கு ஒரு பங்குக் கிணறு. தோட்டத்துக்குப் போட்ட உரமெல்லாம் இறங்கி, தண்ணீரில் நைத்திரேற்று என்ற உர உப்பு அளவுக்கு மேல் இருந்தது. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்கு அதில் பால்மா கரைத்துக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து; கொதிக்க வைத்தாலும் போகாது. தயாளினி என்ற பெண்ணின் வீட்டில் இரண்டு மாதக் குழந்தை, புட்டிப்பால்தான்.

அக்கா பங்குக்காரர் எல்லோரையும் தயாளினி வீட்டு முற்றத்தில் கூட்டினார். வரைபடம், வண்ண அட்டை எல்லாம் காட்டினார். குழந்தைக்குச் சந்திக் குழாயில் தண்ணீர் எடுங்கள், உரத்தைக் குறையுங்கள் என்று அழகாகத்தான் சொன்னார். அந்த நேரம் பார்த்துத் தயாளினி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அக்கா கையால் மறித்துவிட்டுத் தன் போத்தலைத் திறந்து குடித்தார். கூடாதென்று சொன்ன தண்ணீரைத் தானே குடிக்கலாமா என்று நினைத்திருக்கிறார். படித்த மனுஷிதான், ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர் செய்கிற வேலையா இது?

அடுத்த இரண்டு கூட்டத்துக்கும் ஈ காக்கைகூட வரவில்லை. மூன்றாம் முறை போனபோது, மூத்த பங்குக்காரர் மார்க்கண்டு தன் வீட்டுப் படலை வாசலிலேயே மறித்தார்.

"பிள்ளை, எங்கடை வீட்டிலை வாய் நனைக்காத ஆள் நீங்கள். சாதி பாக்கிற ஆளின்ரை கதையை நாங்கள் ஏன் கேக்கவேணும்?"

அக்கா ஆடிப்போய்விட்டார். அப்படியொரு எண்ணம் அவருக்குக் கனவிலும் இல்லை. நேரே தயாளினியிடம் போனார்.

"தங்கச்சி, அண்டைக்கு வேண்டாமெண்ட தேத்தண்ணியை இண்டைக்குத் தாறீரோ?"

வேலியோரம் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, மண்டிவரை குடித்தார். பிறகு சொன்னார்:

"எனக்கு ஒண்டும் செய்யாது. பிள்ளைக்கு மட்டும் குடுக்காதேங்கோ."

வண்ண அட்டை பையைவிட்டு வெளியே வரவேயில்லை. அன்று பின்னேரமே மார்க்கண்டு சைக்கிளில் தண்ணீர்க் கலனைக் கட்டிக்கொண்டு சந்திக்குப் போனார்.

'பரிந்துரை ஏற்கப்பட்டது' என்று அறிக்கையைத் தட்டச்சு செய்தவன் நான்தான். அத்தோடு கோப்பு மூடியாயிற்று. அக்கா மட்டும் அடுத்த கிழமை லீவு போட்டுவிட்டு மறுபடி அந்த ஒழுங்கைக்குப் போயிருக்கிறார். குழந்தையைப் பார்க்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம். தயாளினி கேட்காமலே தேத்தண்ணி வைத்தாளாம்.

"குழாய்த் தண்ணிதான் அக்கா. உங்களுக்கெண்டு எடுத்து வைச்சனான்."

இதைச் சொல்லும்போது அக்கா அழுதுவிட்டார். அம்மா செத்த பிறகு, ஒன்பது வருடத்தில், தனக்கென்று ஒருவரும் தேத்தண்ணி வைத்ததில்லையாம்.

நான் அவருக்கு எதிர் மேசையில் பதினொரு வருடமாக இருக்கிறேன்.