மஞ்சளித்தால் பசி

அந்த வீட்டில் ஆப்பத்துக்கு மாவு அரைத்துப் புளிக்க வைப்பது ராஜமணிதான். அவர் மனைவி சத்தியபாய் மாவுப் பாத்திரத்தின் பக்கமே போக மாட்டார். "புளிச்ச மாவுல உள்ள கிருமி ஒண்ணு எனக்க பிள்ளையளுக்க மேல விழுந்தாப் போதும், கதை முடிஞ்சிரும்" என்பார்.

பிள்ளைகள் என்று அவர் சொல்வது செல்களை. கோட்டாற்றிலிருந்து தினமும் ரயிலேறித் திருவனந்தபுரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்குப் போகிறார். நோயாளியின் காலிலிருந்து எடுத்த இரத்தக்குழாய்த் துணுக்கில் உள்ள செல்களைப் பெருக்கி, அவற்றாலேயே இதய வால்வு வளர்த்தெடுக்க முடியுமா என்று அங்கே பார்க்கிறார்கள். செல்களுக்குத் தீனி மாற்றுவது இவர் வேலை. ரோஸ் நிறத் திரவம் அது. "மஞ்சளிச்சா பிள்ளையளுக்குப் பசின்னு அர்த்தமாக்கும்."

போன வருடம் குளச்சலைச் சேர்ந்த ஒன்பது வயது லிஜாவின் செல்கள் அவர் கைக்கு வந்தன. அவளுக்குப் பிறவியிலேயே வால்வில் கோளாறு. செயற்கை வால்வு பிள்ளையோடு சேர்ந்து வளராது; ஆள் வளர வளர மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டும். சொந்தச் செல்லில் உண்டானது கூடவே வளரலாம். இப்போதைக்குச் செயற்கை வால்வுதான், இது வெறும் சோதனை, அடுத்த அறுவைச் சிகிச்சைக்காவது உதவுமா என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர்கள் சொல்லியும், மீன் விற்கும் தாய் விக்டோரியா சம்மதித்தாள்.

மூன்றாம் வாரம் திரவம் கலங்கியது. பூஞ்சை. எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலில் கொட்டிக் கொல்ல வேண்டியதாயிற்று. "பிள்ளையின் வீட்டில் காரணம் ஒன்றும் சொல்ல வேண்டாம், இன்னொரு துணுக்கு கேட்டால் போதும்" என்றார் மேலதிகாரி. சத்தியபாய்க்கு மனம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை குளச்சலுக்கு பஸ் ஏறினார்.

"எனக்க தப்புதானான்னு தெரியேல. ஆனா எனக்க கையில இருக்கும்பம்தான் போச்சு."

விக்டோரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பிள்ளைக்க காலுல இன்னும் வெட்டணுமாக்கா?"

"வலிக்குமா மாமி?" என்று கேட்டாள் லிஜா.

"வலிக்கும் மக்களே. பொய் சொல்லமாட்டேன்."

லிஜா காலில் இருந்த பழைய தழும்பைத் தடவினாள். பிறகு மற்றக் காலை நீட்டினாள். "அப்ப இதுல எடுங்க."

அதன்பிறகு சத்தியபாய் ஒருநாள்கூட லீவு போடவில்லை. தம்பி மகள் கல்யாணத்தில் தாலி கட்டியதும், சாப்பிடாமல் ரயிலுக்கு ஓடினார். இரண்டே மாதத்தில் செல்களைப் படரவிடும் வால்வு வடிவ அச்சின்மேல் இளநீர் வழுக்கைபோல மெல்லிய படலம் படிந்தது. மீதிச் செல்கள் லிஜாவின் பெயரெழுதி உறைநிலையில் இருக்கின்றன.

போன மாதம், சாதாரணச் செயற்கை வால்வு வைத்துக்கொண்ட லிஜா பரிசோதனைக்கு வந்தாள். அவளை ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் ஸ்டூலில் ஏற்றி, நுண்ணோக்கிக்குள் அந்தப் படலத்தைப் பார்க்கச் சொன்னார் சத்தியபாய்.

"இது நானா மாமி?"

"நீயேதான்."

அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். சத்தியபாய் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, வெறும் விரலால் நாடியைத் தேடினார்.